வெள்ளிக்கிழமைப் படிவங்கள்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து நிரோஜா போன் எடுத்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். இங்கே பாரிசிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைப்பாள், அவசரம் வந்தால் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள்.

"அங்கிள், இப்ப ஒருத்தரும் வீடு வீடாப் போறேல்லை. கேள்வி எல்லாம் போனுக்குப் போகும். ஆக்கள் அமத்தி அனுப்புவினம். றிசல்ட் சுப்பர். பயம் எண்டு ஒருத்தரும் போடேல்லை."

"எந்தக் கிழமை அனுப்புறனீங்கள், பிள்ளை?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம். அப்பதானே தாய் தேப்பன் வீட்டில நிப்பினம். ஏன் அங்கிள் சிரிக்கிறியள்?"

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். கோயில் மலருக்கும் வேலை அனுபவம் ஒன்று கேட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் இதுதான்.

நான் வட்டுக்கோட்டையில் பத்தாம் வகுப்புவரை படித்தவன். பாரிசுக்கு வந்து பதினெட்டு வருடம் உணவகக் குசினிகளில் நின்றேன். என் பிரெஞ்சு அங்கே ஏச்சு வாங்கி வாங்கிப் படித்த பிரெஞ்சு. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து சனம் வரத் தொடங்கியது. காகிதக் கட்டுகளோடு, தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் பகுதியில் வழி கேட்டுத் திரிந்தவர்களை அலுவலகங்களுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அப்படி ஒரு இடத்தில்தான், பிறகு என் மேலதிகாரியான மதாம் மொனிக் என்னைக் கண்டார். "நீங்கள் அவர்கள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறீர்கள். எங்களோடு வேலை செய்வீர்களா?" என்று கேட்டார்.

என்ன வேலை என்று சொல்ல வேண்டும். பயங்கரவாதத்துக்கோ, ஆளைக் குறி வைத்துத் தாக்குகிற சண்டைக்கோ இளம் பிள்ளைகள் போய்விடாமல் தடுப்பதற்கு அரசும் நகரசபையும் சங்கங்களுக்குப் பணம் கொடுத்து வேலைத்திட்டங்கள் நடத்துகின்றன. அந்தத் திட்டத்தால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் அலுவலகம். நாங்கள் பொலிஸ் இல்லை, உதவிக்காரரும் இல்லை. வீடுகளுக்குப் போய்க் கேட்டு எழுதுகிறவர்கள். தமிழ் வீடுகள் என் பொறுப்பு.

மூன்று வாரம் பயிற்சி தந்தார்கள். கேள்வியைத் தாளில் உள்ளபடி வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ண வேண்டும், அதுவரை வாய் திறக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. "ஏன்?" என்று கேட்கக் கூடாது. தேநீர் தந்தால் கடைசிக் கேள்விக்குப் பிறகுதான் குடிக்கலாம். தேநீர் குடித்தவன் விருந்தாளி, விருந்தாளிக்கு யாரும் மனம் நோகும்படி பதில் சொல்ல மாட்டார்கள் என்பது மதாமின் கணிப்பு. படிவத்தின் தலைப்பில் ஒரு வரி இருக்கும்: என்ன கிழமை, என்ன நேரம், அறையில் யார் யார் இருந்தார்கள். அந்த வரி எனக்கு வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் விடாமல் நிரப்பினேன்.

மதாம் மொனிக் ஒல்லியான மனுஷி. பென்சிலால்தான் எழுதுவார். நல்லது என்றும் சொல்ல மாட்டார், கூடாது என்றும் சொல்ல மாட்டார். படிவத்தை வாசித்துவிட்டு, "சரி, இது அவர்கள் சொன்னது" என்பார், அவ்வளவுதான். முதல் மாதமே என் வீடுகளில் கதவு சாத்தினார்கள். படிவத்தின் முதல் பக்கத்தில் 'பயங்கரவாதத் தடுப்பு' என்று இருந்தது. ஊரில் அந்தப் பெயருள்ள சட்டத்தில்தான் எங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதை மதாமிடம் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, "இனி நீங்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்" என்றார். அன்றைக்கே அவரில் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் இளம் பிள்ளைகளுக்குள் குழுச் சண்டை இருந்தது இந்த மலர் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒருவனை வெட்டினால் மறு பக்கம் நாள் பார்த்துத் திருப்பி வெட்டும். எல்லாத் தாய் தகப்பனும் "எங்கட பிள்ளையில்லை" என்பார்கள். இதை நிறுத்துவதற்கென்று லா சப்பலில் ஒரு கூடம் திறந்தார்கள். சனி, ஞாயிறு பெற்றோர் கூடுவார்கள். மற்ற நாட்களில் ஒரு தொலைபேசி இலக்கம் உண்டு. அதை எடுப்பவன் குகன், நாற்பது வயதுப் பெடியன். தகப்பனிடம் சொல்ல முடியாததைத் தாய்மார் அவனிடம் சொல்லலாம். அவன் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போவான், பழிக்குப் பழி போவதற்கு முன்னால்.

கூடத்துக்கு வருகிற குடும்பங்களிடம் தொடக்கத்தில் ஒரு தரம் கேட்டு எழுதினோம். ஒரு வருடம் கழித்து அதே வீடுகளில் அதே கேள்விகள். ஏழாவது கேள்விதான் முக்கியமானது. 'கடந்த மூன்று மாதங்களில் இந்த வீட்டில் உள்ள ஒருவரின் உயிரை நினைத்துப் பயந்திருக்கிறீர்களா?' நான்கு பெட்டிகள்: ஒருபோதும் இல்லை, சில வேளை, அடிக்கடி, எப்போதும்.

இரண்டாம் சுற்றில் சனம் களைத்துவிட்டது. திங்கள் போனால் வேலை, செவ்வாய் போனால் தலையிடி. ஒரு வெள்ளிக்கிழமை ரூ பஜோல் என்ற தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, நெற்றியில் விபூதியும் கையில் பிரசாதமுமாக அப்படியே ஒரு வீட்டுக்குப் போனேன். "வாங்கோ வாங்கோ" என்று கதவு அகலத் திறந்தது. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். பிள்ளையார்தான் வழி காட்டிவிட்டார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எல்லா வீட்டையும் வெள்ளிக்கிழமைக்கே வைத்துக்கொண்டேன்.

பாரிசுக்கு வெளியே செவ்ரானில் தவமணி என்ற தாயின் வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். முல்லைத்தீவுப் பக்கத்து மனுஷி. புருஷனும் மூத்த மகனும் கடைசிச் சண்டையில் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒரு மகனோடு வந்தவள். மகன் பிரதீபனுக்கு இருபத்திரண்டு வயது, உணவகத்தில் வேலை. அன்று சுவாமித்தட்டில் விளக்கு எரிந்தது, வீடெல்லாம் சாம்பிராணி மணம். ஏழாவது கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள், "ஒருபோதும் இல்லை அண்ணை. அம்மாளாச்சி காப்பாத்துறா" என்றாள். எழுதினேன். கடைசிக் கேள்விக்குப் பிறகு கடலையும் தேநீரும் தந்தாள்.

குகனுக்கு ஒரே சந்தோசம். "அண்ணை, சனம் எல்லாம் நல்லாச் சொல்லியிருக்காம். உங்களாலதான் கூடம் நிலைச்சு நிக்கப் போகுது."

மதாம் மட்டும் சந்தோசப்படவில்லை. படிவங்களை நீண்ட மேசையில் பரப்பினார். முதலில் தெருப்படி அடுக்கிப் பார்த்தார். பிறகு வயதுப்படி. பிறகு அறையில் இருந்தவர்கள்படி. கடைசியாகக் கிழமைப்படி அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அடுக்கில் ஏழாவது கேள்விக்கு எல்லாப் புள்ளடியும் முதல் பெட்டியில் இருந்தது. மற்ற நாட்களில் எழுதிய கொஞ்சத்தில் நாலு பெட்டியிலும் கலந்து கிடந்தது.

"உங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமைகளில் பயப்படுவதில்லையா?" என்று கேட்டார்.

நான் பெருமையாக என் வழியைச் சொன்னேன். அவர் அடுத்த வெள்ளி தானும் வருவதாகச் சொன்னார். வந்து ஒரு வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து விளக்கையே பார்த்தார். திரும்பும்போது ரயிலில் கேட்டார்:

"அந்த விளக்கு எரியும்போது அந்த அறையில் எதைப் பேசக் கூடாது?"

சொல்லத் தொடங்கினேன். சாவு பேசக் கூடாது. நோய் வருத்தம் பேசக் கூடாது. அழக் கூடாது. கெட்டது நடக்கும் என்று வாயால் சொல்லக் கூடாது, சொன்னால்... அதோடு என் குரல் நின்றுவிட்டது. மதாம் பத்துவரை எண்ணினார் என்று நினைக்கிறேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறுபதை நெருங்கும் வயது வரை வெள்ளிதோறும் விளக்கேற்றுகிற வீட்டில் வாழ்ந்தவன் நான். எனக்கு அல்லவா இது தெரிந்திருக்க வேண்டும்? அந்தத் தாய்மார் பொய் சொன்னார்கள் என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை. 'ஒருபோதும் இல்லை' என்று அவர்கள் சொன்னது எனக்கல்ல, சுவாமிக்கு. அது ஒரு வேண்டுதல். நான் அதைப் பதில் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வீடுகள் எல்லாவற்றிலும் வேறு நாளில் மறுபடி கேட்க வேண்டும் என்றார் மதாம். அறிக்கைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. குகன் கேள்விப்பட்டு வந்து என்னோடு சண்டை பிடித்தான்.

"ஏன் அண்ணை ஆறினதைக் கிண்டுறியள்? பயம் குறையேல்லை எண்டு எழுதினால் கூடத்தைப் பூட்டிப்போடுவாங்கள். பிறகு அந்தப் போனை ஆர் எடுக்கிறது? உங்கட மதாமோ?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் கூடம் நிலைக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் கையில் இருந்தது பிழையான கணக்கெடுப்பு, அதைச் செய்தவன் நான்.

பிள்ளையார் கோயில் தேருக்கு நாலு நாள் இருக்க, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தவமணியின் கதவைத் தட்டினேன். சுவாமித்தட்டில் விளக்கு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் நிலத்தில் குந்தியிருந்து போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன அண்ணை, அண்டைக்குத்தானே எல்லாம் எழுதினியள்? துலைச்சுப் போட்டியளே?"

"துலைக்கேல்லை தங்கச்சி. இன்னொருக்காக் கேக்கச் சொல்லிச்சினம்."

"வெள்ளைக்காரருக்கு வேற வேலையில்லை. சரி, கேளுங்கோ."

ஏழாவது கேள்வியை வாசித்தேன். எண்ணத் தொடங்கினேன். நாலில் அவள் கத்தி நின்றது. ஏழில் சுவாமித்தட்டைப் பார்த்தாள். ஒன்பதில் சொன்னாள்:

"கடைசிப் பெட்டியில போடுங்கோ."

எப்போதும் என்ற பெட்டி. ஏன் என்று கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"விளக்குக்கு முன்னால அந்தக் கதையை எடுப்பனே அண்ணை? வாயால சொன்னால் நடந்திடும் எண்டு பயம். பிரதீபன்ர கட்டில் சீலை மாத்தேக்கை கண்டனான். மெத்தைக்குக் கீழ வாள் கிடக்கு. இவன்ர சிநேகிதனை வெட்டினவன்ர தம்பி ரூ காய்த் தெருவில ஒரு கடையில நிக்கிறான். தேரண்டைக்கு அவன் தேங்காய் உடைக்க வருவானாம், அதில வைச்சு எண்டு இவன் போனில கதைச்சவன். நான் குசினிக்கை நிண்டு கேட்டனான்."

பயிற்சியில் வாசித்த கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. ஒரு உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பேனையை மூடு, அந்த நிமிடத்திலிருந்து நீ கேள்வி கேட்பவன் இல்லை. அத்தனை வருடத்தில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை. பேனையை மூடினேன். இதை நான் மதாமிடம் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் எழும்பி வந்து படிவத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணை, பொலிசுக்குப் போகுமே? அவன்ர விசா போயிடும். நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. முதலாவது பெட்டியிலயே போடுங்கோ. அண்டைக்குப் போட்ட மாதிரியே போடுங்கோ."

மறைக்க மாட்டேன். ஒரு கணம் எனக்கும் அப்படிச் செய்துவிட்டுப் போகலாம் போல இருந்தது. ஒரு புள்ளடி. குகனுக்கும் நல்லது, இவளுக்கும் நிம்மதி. தேர் வரை நான்கு நாள்தான், பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

"தங்கச்சி, எழுதிறதுக்காகவோ எனக்கு இதைச் சொன்னனீங்கள்? ஆரேன் ஏதும் செய்யவேணும் எண்டுதானே சொன்னனீங்கள்?"

அவள் சத்தம் இல்லாமல் அழுதாள். பிறகு "ஓம்" என்றாள்.

மாடிப்படியில் நின்று மதாமுக்குப் போன் எடுத்தேன். மூன்று கேள்வி கேட்டார். இன்னார் என்று ஆள் தெரியுமா? இன்ன நாள் என்று தெரியுமா? ஆயுதம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஓம் என்றேன்.

"கூடத்தின் தொலைபேசிக்கு அந்த அம்மாவையே பேசச் சொல்லுங்கள். மாலை ஐந்து மணிக்குள் அந்தப் பொருள் வீட்டை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் நான் பொலிசுக்குச் சொல்வேன். இதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ஒளிக்க வேண்டாம்."

தவமணி இலக்கத்தை அமத்தினாள். குகன் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டான். வந்ததும் என்னை முறைத்தான். பிறகு அவளிடம், "அக்கா, என்ன சமையல்? பசிக்குது" என்றான். அது அவன் வேலை செய்கிற விதம். அடுப்பு எரிகிற வீட்டில் ஆட்கள் கொஞ்சம் நிதானமாக இருப்பார்கள் என்பான்.

மூன்று மணிக்கு, மதியச் சமையல் முடிந்து பிரதீபன் வந்தான். எங்களைக் கண்டதும் வாசலிலேயே நின்றான்.

"ஆர் கூப்பிட்டது? அம்மா, நீங்களோ? இந்த விபூதி அங்கிள் ஆர், பொலிசோ?"

"அவர் கேள்வி கேக்கிற ஆள். இண்டைக்கு அவரிட்டைக் கேள்வி இல்லை" என்றான் குகன். "இரு. சோத்தைப் போட்டுக்கொண்டு இரு. உன்ர சிநேகிதனை வெட்டினவன் உள்ளுக்கை இருக்கிறான். நீ அவன்ர தம்பியை வெட்டுவாய். பிறகு தம்பியின்ர மச்சான் உன்னைத் தேடுவான். நீயும் உள்ளுக்கை போயிடுவாய். உனக்குத் தம்பியும் இல்லை, மச்சானும் இல்லை. அவங்கள் இந்தக் கதவைத் தட்டினால் ஆரடா திறக்கிறது?"

பிரதீபன் தாயைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது தவமணி பேசினாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"உன்ர அப்பரையும் அண்ணனையும் நான் எரிக்கேல்லை. கிடந்த இடத்தில விட்டிட்டு உன்னை இழுத்துக்கொண்டு வந்தனான். உன்னை இஞ்சை எரிக்க என்னால ஏலாது."

பழக்கத்தில் நான் எண்ணினேன். பத்துத் தாண்டி, முப்பதும் தாண்டிவிட்டது. அவன் எழும்பி அறைக்குள் போனான். குளிக்கிற துவாயில் சுற்றியதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். குகன் அதைத் தொடவில்லை. "இதோட ரயிலில ஏறினால் முதல் நான்தான் உள்ளுக்கை" என்றான். தவமணிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தோடு ஒப்பந்தம் இருந்த பொலிஸ்காரர் ஒருவர் சாதாரண உடுப்பில் வந்து அதை எடுத்துப்போனார். யாருடையது என்று கேட்டார். "கூடத்தினது" என்றான் குகன். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்க மதாமுக்குச் சொன்னேன். "சரி" என்றார். அன்று இரவே குகன் மற்றப் பக்கத்து வீட்டுக்கும் போனான்.

தேரன்று ரூ பஜோல் முனையில் நின்றேன். சுவாமி வெளியே வந்தபோது என் கண் சுவாமியில் இல்லை, சனத்தில் இருந்தது. அதற்காகப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். ரூ காய்ப் பெடியன் தேங்காய் உடைத்தான். தவமணி கற்பூரச்சட்டி எடுத்து வந்தாள். பிரதீபன் வேலைக்குப் போயிருந்தான். வேறொன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்த்து அவ்வளவு அழுதவன் அந்தத் தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை மதாம் தவமணியின் படிவத்தை அடுக்கிலிருந்து எடுத்துத் தனியே வைத்தார்.

"இந்த வீடு அறிக்கையில் இல்லை."

"மதாம், இதுதானே கூடம் செய்த பெரிய வேலை!"

"அந்தப் புதன்கிழமை நீங்கள் கதவைத் தட்டாவிட்டால் அந்த அம்மா கூடத்துக்குப் போன் எடுத்திருப்பாரா?"

"தெரியாது, மதாம்."

"எனக்கும் தெரியாது. தெரியாததை எண்ண முடியாது." பென்சிலால் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு, நான் அவருடன் வேலை செய்த காலம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை, "நல்லது செய்தீர்கள்" என்றார்.

குகன் கத்தினான். "நாங்கள் காப்பாத்தின ஒரு உயிர், அதையே வெட்டி எறிஞ்சுபோட்டியளே அண்ணை!" மறுபடி கேட்ட வீடுகளில் பயம் ஒரு வருடத்துக்கு முந்தியதைப் போலத்தான் இருந்தது, சில வீடுகளில் கூடவும் இருந்தது. ஆனால் பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற பதினோராவது கேள்விக்கு, முதல் சுற்றில் "தெரியாது" என்றவர்கள் பலர் இப்போது கூடத்தின் இலக்கத்தைப் பார்க்காமலே சொன்னார்கள். மதாம் இரண்டையும் எழுதினார். வெள்ளிக்கிழமை விளக்கைப் பற்றியும் என் பிழையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினார். கூடத்தைப் பூட்டவில்லை. ஞாயிற்றுக் கூட்டத்தை நிறுத்தினார்கள், சனி மட்டும் தொடர்ந்தது. தொலைபேசி இருந்தது. குகன் சில மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு "புதன்கிழமை அண்ணை" என்று எனக்குப் பெயர் வைத்தான். இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

நிரோஜா பிள்ளை, போன் நல்ல சாமான்தான். தலைப்பில் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதே.

போன வெள்ளி கோயிலில் தவமணியைக் கண்டேன். நெற்றி நிறைய விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு. பிரதீபன் கல்யாணம் முடித்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிறான்.

"எப்பிடித் தங்கச்சி, மகன் சுகமோ? பயம் ஒண்டும் இல்லையே?"

"ஒரு பயமும் இல்லை அண்ணை. அம்மாளாச்சி காப்பாத்துறா."

சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போன் எடுத்து அதையே மறுபடி கேட்டேன்.

"அதையேன் கேக்கிறியள் அண்ணை," என்றாள் தவமணி. "ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கியிருக்கிறான். அவன் வீட்டை வந்து சேரும்வரைக்கும் எனக்கு உயிரில்லை."

கடைசிப் பெட்டிதான். ஆனால் அன்று போனை வைத்துவிட்டு நேரே சுவாமியறைக்குப் போய், கிழமை பாராமல், விளக்கேற்றினேன்.